பஸ்ஸில் வருகிற ‘ப’

என் மனைவியின் இடது கண் போனதற்குக் காரணம் நான்.

மரத்துண்டு தெறித்துவிட்டது என்று கெலமங்கலத்தில் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள், அது பாஷையால் வந்த பிசகு என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள்! அந்தப் பிசகுக் கதை நான் கட்டியது. அவள் கத்தினாள், எனக்குக் கேட்டது. என்ன சொன்னாள் என்பது புரிந்தது. புரிந்தும் நான் உளியை எடுக்கவில்லை.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். இத்தனை வருடம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததை எழுதினால் நாலு வரிதான் வருகிறது... இவ்வளவுதானா? இல்லை. கண் போனது பாதிக் குற்றம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

நான் கடைசல்காரன். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுக்கும் தொழில். கட்டில் கால், தொட்டில் கட்டை, பம்பரம், சிறுமிகள் விளையாடும் செப்புச் சாமான், எல்லாம் செய்வேன். எட்டாவது வரை படித்தவன். மாலையானால் படிப்பகத்துக்குப் போய்ப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பேன். இந்தத் தமிழ் அங்கே கற்றது. அதைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கர்வத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

என் மனைவி கெம்பம்மா. எல்லைக்கு அந்தப்புறம், ஆனேக்கல் பக்கத்துப் பெண். கன்னடம் பேசுகிற குடும்பம். எங்கள் பக்கத்தில் இது ஓர் அதிசயமே இல்லை. சந்தையில் பூசணிக்காயைத் தமிழில் விசாரித்து, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். கல்யாணமான புதிதில் அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் என் பட்டறையில் மோட்டார் கிடையாது. கடைய வேண்டிய மரத்தை ஒரு தண்டின் முனையில் அரக்கு வைத்து ஒட்டுவோம். தண்டில் கயிறு இரண்டு சுற்று சுற்றியிருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து கயிற்றின் இரண்டு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுக்க, மரம் இப்படியும் அப்படியுமாகச் சுழலும். என் பட்டறையில் கயிறு இழுத்தவள் கெம்பம்மா. ஆறு வருடம் அவள் இழுக்க, நான் கடைந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாள் முழுவதும் எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவள் கைக்கு ஒரு குணம். மரத்துக்குள் பூச்சி அரித்த இடமோ கீறலோ இருந்தால், என் உளிக்குத் தெரியும் முன்னே அவள் பிடித்திருக்கும் கயிற்றுக்குத் தெரிந்துவிடும். “கயிறு சொல்லுது” என்பாள், அவள் பாஷையில். ஒருநாளும் பொய்த்ததில்லை.

பட்டறையில் ஒரு விதி உண்டு. ஏதாவது சரியில்லை என்றால் முதலில் உளி விலக வேண்டும். பிறகுதான் கயிறு நிற்க வேண்டும். உளி பதிந்திருக்கும்போது கயிற்றை வெடுக்கென்று நிறுத்தினால், மரம் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு கடைகிறவன் மார்பில் வந்து விழும். ஆகவே இழுக்கிறவர் குரல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, இழுக்கத் தொடங்கிய இழுப்பை முடிப்பார். குரல் கேட்டதும் உளி விலகிவிடும் என்ற நம்பிக்கையில் முடிப்பார்.

அவள் கொடுக்கும் குரல், ‘பிடி’.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அதை நீங்கள் தப்பாகப் படித்துவிட்டீர்கள்! உங்கள் மேல் குற்றமில்லை. நம் எழுத்தில் அதை வேறு மாதிரி எழுத வழி கிடையாது. ‘பல்’ என்கிறோமே, அந்த ப அல்ல இது. ‘பஸ்’ என்கிறோமே, அந்த ப. பஸ்ஸில் வருகிற ப-வைப் போட்டுச் சொன்னால், கன்னடத்தில் அதற்கு ‘விடுங்க’ என்று பொருள். பல்லில் வருகிற ப-வைப் போட்டுச் சொன்னால் நம் தமிழ்ப் பிடி. விடாதே என்று பொருள். காகிதத்தில் இரண்டும் ஒன்று. காதுக்கு ஒன்றல்ல.

மொழிவாரியாக மாநிலம் பிரிப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஓசூர்ச் சாலையை அகலமாக்குவதற்காகப் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தையிலிருந்து திரும்பும்போது கெம்பம்மாதான் பார்த்தாள். “நோடி, நோடி!” என்று கூவினாள். பாருங்கள் என்கிறாள். வெட்டிப்போட்ட அடிமரத்தில், காளையின் திமில் போல, ஒரு கழலை புடைத்துக்கொண்டிருந்தது.

மனித உடம்பில் கழலை வருவது போல மரத்துக்கும் வரும். அதற்குள் நார் நேராக ஓடாது. சுழித்துச் சுழித்து ஓடும். கடைந்தெடுத்தால் அப்படி ஓர் அழகு! ஆனால் கடைசல்காரர்கள் தொடமாட்டார்கள். எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கழலையிலோ பட்டை உள்ளே மடிந்து போயிருந்தது. ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவுக்குப் பொந்து. கோடாலி ஏறவில்லை, விறகுக்கும் ஆகாது என்று வெட்டியவர்களே ஒதுக்கிப் போட்டிருந்தார்கள்.

“இதுல அவ்வாவுக்கு ஒரு மரவெ பண்ணிக் குடுங்க,” என்றாள், கன்னடம் பாதி தமிழ் பாதியாக.

அவ்வா என்றால் அவள் அம்மா. மரவை என்பது மரக்கிண்ணம். அந்த அம்மாளுக்குக் கை நடுக்கம். பித்தளைக் கிண்ணத்தில் சுடச்சுடக் கூழ் ஊற்றிக் கொடுத்தால், சூடு தாங்காமல் கீழே போட்டுவிடுவாள். மறுபடி கேட்க மருமகளிடம் கூச்சம். அரை வயிற்றோடு போய்ப் படுத்துக்கொள்வாள். மரவை என்றால் சூடு கைக்கு ஏறாது. கனமாக இருந்தால் நடுக்கத்திலும் நிற்கும். என் மனைவி என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஆறு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டதே அந்த ஒன்றுதான்!

சரி என்றேன். மனதார, ஆசையாகத்தான் சொன்னேன்.

கழலையை அறுத்தெடுத்து, பெரிய அண்டாவில் போட்டு வேகவைத்து, ராகி வைக்கோல் போருக்குள் புதைத்து வைத்தோம். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் பிளந்துவிடும். ஏழெட்டு மாதம் அது போருக்குள் கிடந்தது. கெம்பம்மா அவ்வப்போது கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் ஈரம் இருக்குது” என்பாள்.

அந்த ஏழெட்டு மாதத்தில்தான் என் புத்தி கெட்டது.

ஓசூரில் ஒருவர் மின்சார மோட்டார் வைத்துக் கடைசல் பட்டறை தொடங்கியிருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் கழலையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். “எம் மோட்டாருக்கே அது தாங்காதுய்யா! பொம்பள இழுக்கற கயித்துக்கா தாங்கப் போவுது? அடுப்புல வெய்யி, சாம்பலாச்சும் மிஞ்சும்.” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு பொருட்காட்சி நடக்கப் போவதாகப் படிப்பகத்தில் பேச்சு அடிபட்டது. கைவினைப் பொருள்களும் வைப்பார்களாம். முடிவு செய்துவிட்டேன். அந்தக் கழலையிலிருந்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, வெற்றிலை கனத்துக்கு ஒரு மரவை எடுப்பேன். மோட்டார்க்காரர் வந்து பார்க்கட்டும்! பொருட்காட்சி முடிந்த பிறகு அவ்வாவுக்குக் கொடுத்தால் போயிற்று.

பார்த்தீர்களா? கை நடுங்குகிற ஒருத்திக்குக் கனமாக வேண்டும் என்று கேட்ட மரவையை, நான் மனத்துக்குள்ளேயே மெல்லிசாக்கிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். படிப்பகத்து நண்பர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கெம்பம்மாவின் கன்னடம் எனக்குக் கூச்சமாக இருந்தது. “பட்டறையிலயாவது தமிழ் பேசு” என்றேன். அவளும் ஆசையாகக் கற்றுக்கொண்டாள். ஊரில் எல்லோரும் ‘புடி’ என்பார்கள். நானோ, பத்திரிகைத் தமிழ்க்காரன், “புடி இல்லே, பிடி. வாயைத் திறந்து சொல்லு, பிடி” என்று பாடம் நடத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே, “பிடிங்க, பிடிங்க” என்று திருப்பிச் சொல்வாள். இந்தப் பாடம் நடந்த மாதத்தில்தான் கழலையும் காய்ந்து முடிந்தது.

வேலை தொடங்கும் அன்று கயிற்றைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னா?” என்றேன்.

“இது கெட்ட மரம். நான் நிறுத்தச் சொன்னா நிறுத்திடணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. சரிங்களா?”

“சரி.”

“எங்கவ்வா மேல ஆணெ?”

“ஆணெ.”

சத்தியம் செய்தேன்... யாருக்காக அந்த மரவையோ, அவள் மேலேயே!

மூன்று நாள் கடைந்தோம். நான் மரவையின் வாய்ப்பக்கம் உட்கார்ந்து உள்ளே குடைந்தேன். எதிரே அவளுக்கு அதன் வெளிச்சுவர் தெரியும். பொந்தில் அரக்கும் மரத்தூளும் குழைத்து அவளே அடைத்திருந்தாள். இரண்டாம் நாள் நார்ச்சுழிகள் வெளியே வந்தன. அப்படி ஒரு மரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இருவருமே கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போதுங்க,” என்றாள். “அவ்வாவுக்கு இதுவே சரி.”

“இன்னும் கொஞ்சம்.”

“மெல்லிசு வேணாங்க. கை நடுங்கறப்ப நிக்காது.”

“நிக்கும், நிக்கும். நீ இழு.”

மூன்றாம் நாள் காலை, வெயில் கூரைச் சந்து வழியாக விழுந்தபோது மரவையின் சுவர் சிவந்து தெரிந்தது. வெளிச்சம் ஊடுருவிவிட்டது! விளிம்புக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் கண்ணை உறுத்தியது. இன்னும் ஒரே ஒரு இழைப்பு, அது போய்விடும். உளியை உள்ளே கொடுத்தேன். அவள் இழுத்தாள்.

“பிடி!”

கத்தினாள். எந்த ப என்று கேட்கிறீர்களா? பஸ்ஸில் வருகிற ப. ஆறு வருடம் தினமும் கேட்ட சொல். கோயில் மணிச் சத்தத்தைப் பள்ளிக்கூட மணி என்று யாராவது நினைப்பார்களா? எனக்குத் தெரிந்தது. அவளுக்குச் சுவரின் வெளிப்பக்கம் கீறல் ஓடுவது தெரிகிறது, உளியை எடுக்கச் சொல்கிறாள் என்று முழுக்க முழுக்கத் தெரிந்தது.

ஒரு கணம்தானே, அதற்குள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். உளியைத் தூக்க அரைக் கணம் போதும். அந்த அரைக் கணம் எனக்குக் கிடைத்தது. அதில் நான் நினைத்தது இதுதான்: இன்னும் ஒரு இழைப்பு.

உளியை அழுத்தினேன்.

அவளோ, விதிப்படி, நான் எடுத்துவிடுவேன் என்று நம்பி இழுப்பை முடித்தாள்.

பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன். விளிம்பிலிருந்து ஒரு துண்டு போனது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கயிறு அவள் மடியில் கிடந்தது. விரல்களுக்கிடையில் வந்த இரத்தத்தைப் பார்த்தும், என் கண் முதலில் எங்கே போனது தெரியுமா? மரவையின் மேல்! உடைந்துவிட்டதா என்று பார்த்தேன்... இதை ஏன் சொல்கிறேன்? கேட்கிறவர்களுக்கு என் மேல் இரக்கம் வந்துவிடக் கூடாது.

பெங்களூர் கண்ணாஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கண் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க... நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலியா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்கவில்லை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். கயிற்றுச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொல்லியிருந்தால், பொய் என்னோடு போயிருக்கும். நான் என்ன சொன்னேன்?

“கேட்டுது கெம்பி. பிடின்னு சொன்னே. இப்பத்தான் தமிழ் பேசறியே, நீ தமிழ்ல சொல்றேன்னு நெனச்சிட்டன். கெட்டியாப் பிடிக்கச் சொல்றேன்னு அழுத்திட்டன்...”

பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. கட்டுப் போட்ட முகத்தில் தடவித் தடவி உதட்டைக் கண்டுபிடித்தது. இரண்டு விரலால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

“பாழாப்போன வாயி,” என்றாள். “ரெண்டு பாஷையும் கலந்து... என் வாயிதான்.”

நான் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தேன். தடுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

மீதிப் பாதிக் குற்றம் அதுதான். கண்ணை எடுத்தது உளி என்றால், இது நாக்கு. கண் ஒரு நொடியில் போயிற்று. இதை நான் அன்றாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து கெம்பம்மா கன்னடம் பேசவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. கண் வலியில் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. கையைச் சுட்டுக்கொண்டால்கூட ‘அம்மா’ என்றாள். ‘அவ்வா’ என்று வரவில்லை. மூன்று மாதம் கழித்து, என்ன சொல்லியும் கேட்காமல், பட்டறைக்கு வந்து கயிற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். ஏதாவது சரியில்லை என்றால் இப்போது, “விடுங்க” என்றாள். ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. அவள் வாய் திறக்கும் முன்பே என் உளி மேலே வந்துவிடும்.

உடைந்த மரவையை அடுப்பில் போடப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைக்காய் உரித்தால் பருப்பை அதில்தான் போடுவாள். விளிம்பில் துண்டு போன இடம் தன் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொள்வாள்.

ஊரில் கதை பரவியது. “பிடி”யும் “பிடி”யும் மாறிப்போன கதை! சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள். பாவம் என்றும் சொன்னார்கள். பாவம் என்றது என்னை. பாஷை தெரியாத பெண்டாட்டியால் வந்த வினை என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓசூர் எந்த மாநிலத்தோடு சேரும் என்று ஊரெல்லாம் கொதித்த சமயத்தில், காகிதமும் கையுமாக இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். வீட்டில் பேசுகிற பாஷை எது, உங்கள் தாய்மொழி எது என்று விசாரித்தார்கள். நான் பதில் சொல்லும் முன் கெம்பம்மா சொன்னாள்.

“தமிழுங்க.”

“உனக்குமாம்மா? நீ ஆனேக்கல் பக்கம்னாங்களே?”

“எனக்கும் தமிழ்தாங்க.”

எழுதிக்கொண்டு போனார்கள். படிப்பகத்தில் அன்று என்னைத் தோளில் தட்டினார்கள். ஒரு கன்னடத்துப் பெண்ணையே தமிழச்சியாக்கிவிட்டாயே என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். ஆம், அதையும் குடித்தேன்!

அவள் அம்மா ஒருமுறை வந்தாள். மகள் முகத்தைக் கையால் தடவி, “ஏனாயித்து மகளே?” என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்கிறாள். “ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்,” என்றாள் இவள், தமிழில். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. மறுபடி கேட்டாள். மறுபடி தமிழ். இரண்டு நாள் இருந்தாள். போகும்போது மகளை அந்நிய வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்துவிட்டுப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளே பேச்சுக் குரல். கெம்பம்மா கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். வேகவேகமாக, மூச்சு விடாமல், சிரிப்பும் செல்லமுமாக... கல்யாணமான புதிதில் என்னிடம் பேசிய அதே குரல்! நான் நின்றதைப் பார்த்ததும் பேச்சு அறுந்துவிட்டது. திருடும்போது அகப்பட்டுக்கொண்டவளைப் போல எழுந்து நின்று, “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்,” என்றாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? காலில் விழுந்திருக்க வேண்டாமா? நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

மறு வருடம் அவ்வா இறந்துபோனாள். செய்தி வந்ததும் கெம்பம்மா சேலை மாற்றிக்கொண்டு, அந்த மரவையைத் துடைத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கன்னடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் போய் அம்மாவின் காலடியில் விழுந்து குரலெடுத்தாள். தமிழில்! என்னைப் பெத்தவளே, எனக்குச் சொல்லாமப் போனவளே என்று... மற்றவர்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். செத்துக் கிடந்தவளுக்கும் புரியாத பாஷையில், அவள் பெற்ற மகள் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது மடியை அவிழ்த்தாள். உடைந்த மரவையில் அரிசியை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து எடுத்து அம்மாவின் வாயில் போட்டாள். அவ்வாவுக்கென்று செய்த மரவை அன்றுதான் அவ்வாவின் வாய் வரைக்கும் போனது.

அவள் தம்பி மாதப்பன் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். ஓசூர்ச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். தமிழ் நன்றாகப் பேசுவான். “எங்கக்கா ஏன் பாவா இப்பிடி ஆயிட்டா?” என்று கேட்டான். நான் பழைய கதையைச் சொன்னேன். எத்தனையோ முறை சொன்ன கதை; தடுமாறாமல் வந்தது. அவள் பிடி என்றாள், நான் தமிழ் என்று நினைத்துவிட்டேன்.

அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு நெற்றியைச் சுருக்கினான்.

“தமிழ்ல சொல்றதா இருந்தா, ‘பிடிங்க’ன்னுதானே சொல்லியிருப்பா பாவா?”

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அவன் விடவில்லை.

“எங்கக்கா உங்கள ஒரு நாளாச்சும் மருவாதி இல்லாமப் பேசியிருக்காளா? தமிழ்ல வெறும் ‘பிடி’ன்னு புருசனப் பாத்து எப்பிடிச் சொல்லுவா? எங்க பாஷையில அந்த வார்த்தையே மருவாதி வார்த்தெ. அது உங்களுக்கும் தெரியுமே...”

இத்தனை நாள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாதது! படிப்பகத்துப் பண்டிதர்களுக்குத் தோன்றாதது! பட்டறையில் அவள் சிரித்துக்கொண்டே ஒப்பித்த “பிடிங்க, பிடிங்க” என் காதில் ஒலித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகத் திறந்தேன், நம்புங்கள்.

“மாதப்பா!”

பின்னால் கெம்பம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

“குழியாண்ட தண்ணி கேட்டாங்க. போயி எடுத்துக் குடு,” என்றாள்.

அவன் போனான். அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? கேட்டுவிட்டாளா? முதலிலிருந்தே தெரியுமா? தெரிந்துதான் தன் வாயில் அடித்துக்கொண்டாளா? நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அப்படியே இத்தனை வருடம் போய்விட்டது. மாதப்பனும் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

இன்று நாங்கள் இருவரும் கிழங்கள். பட்டறை இல்லை. மத்தியானத்தில் நான் அவளுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவேன்; அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நேற்று அவள் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் மரவை.

“நாலு நாளா என்னா எழுதறீங்க?”

“சும்மா... பழைய கதெ.”

“படிங்க, கேக்கறன்.”

முதல் பக்கத்தைக் கீழே தள்ளிவிட்டு, புளியமரம் வெட்டிய இடத்திலிருந்து படித்தேன். அவள் முகம் மலர்ந்தது. “நோடின்னு ரெண்டு வாட்டி இல்லீங்க, மூணு வாட்டி கூப்புட்டன். நீங்க திரும்பவே இல்ல,” என்று திருத்தினாள். அண்டாவில் வேகவைத்ததையும் வைக்கோல் போரையும் கேட்டுச் சிரித்தாள். மோட்டார்க்காரரும் பொருட்காட்சியும் வந்த வரிகளைத் தாண்டிப் போனேன். அவள் வாங்கிய ஆணையைப் படித்தேன். வெயில் விழுந்து சுவர் சிவந்ததைப் படித்தேன். அவள் இழுத்தாள் என்று படித்தேன்.

அடுத்த வரியில் அந்தச் சொல்.

காகிதத்தில் அது பத்திரமாக இருக்கிறது. எந்த ப என்று காகிதம் காட்டிக்கொடுக்காது. ஆனால் உரக்கப் படிக்க வேண்டுமானால் நாக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே! உதட்டை மூடினேன். திறக்க முடியவில்லை.

அவள் கையில் இருந்த காயை உரிக்காமல் காத்திருந்தாள்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான். அதுக்கு மேல எழுதல.”

என் கையில் இன்னும் நாலைந்து தாள்கள் இருந்தன. அவற்றை அவள் பார்த்தாள். மரவையின் உடைந்த விளிம்பில் விரலை ஒருமுறை ஓட்டினாள்.

“சரி, விடுங்க,” என்றாள். ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக.